இரவில் காட்டுப்பன்றி வேட்டைக்கு நாமே விளக்கு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸில் சொந்தமாக நிலம் வாங்கியவர்கள், அல்லது நிலம் வைத்திருக்கும் நண்பரோடு பன்றி வேட்டைக்குப் போகத் தொடங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சாலிடரிங் பிடிக்கத் தெரிந்து, மல்டிமீட்டரும் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைச் சுட்டுவதால், முதல் தடவை வரிசையாகப் படித்துவிடுங்கள்.

1. முதல்ல இது சட்டப்படி சரிதானா? ராத்திரி லைட் அடிச்சு வேட்டையாடலாமா?

டெக்சஸில் தனியார் நிலத்தில், நில உரிமையாளரின் அனுமதியோடு, காட்டுப்பன்றியை ஆண்டு முழுவதும் இரவிலும் விளக்கு வைத்தும் வேட்டையாடலாம். அப்படித் தனியார் நிலத்தில் வேட்டையாட லைசென்ஸ் தேவையில்லை என்பது 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறை. இந்தச் சலுகை பன்றிக்குத்தான், மானுக்கு இல்லை. மான் போன்ற பட்டியலிட்ட வேட்டை விலங்குகளைச் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின்புவரைதான் வேட்டையாட முடியும். பொதுச் சாலையில் வண்டியை நிறுத்தி விளக்கடிப்பதும் சுடுவதும் குற்றம்.

போவதற்கு முன் அந்த வட்டாரத்து கேம் வார்டனுக்கு (வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி) ஒரு தகவல் சொல்லிவிடுங்கள். இருட்டில் வெளிச்சம் அலைவதையும் துப்பாக்கிச் சத்தத்தையும் கேட்டு யாராவது அவரைக் கூப்பிடத்தான் போகிறார்கள். வேறு மாநிலங்களில் விதி தலைகீழாக இருக்கலாம். டென்னசியும் மிசூரியும் பன்றி வேட்டையைக் கட்டுப்படுத்தி, கூட்டத்தை மொத்தமாகப் பொறிவைத்துப் பிடிப்பதை முன்னிறுத்துகின்றன.

2. ஊர்ல எங்க அப்பா தோட்டத்துலயும் பன்றித் தொல்லைதான். இதையே செஞ்சு அனுப்பலாமா அண்ணா?

கூடாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் காட்டுப்பன்றியை வேட்டையாடுவது குற்றம். பயிர் அழிந்தால் வனத்துறையிடம் மனு கொடுப்பதுதான் வழி. இங்கே இருப்பது அமெரிக்க நிலவரம். ஸ்பானியர்கள் 1500-களில் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றிகளும், பின்னால் வேட்டைக்காக இறக்கிவிட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் கலந்து பெருகிய கூட்டம் இது. மண்ணுக்குச் சொந்தமில்லாத விலங்கு என்பதால்தான் இவ்வளவு தாராளம்.

3. பகல்லயே சுட்டுட்டா இந்த லைட் வேலையெல்லாம் மிச்சம்தானே?

பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிரவைக்கும் வசதி இல்லை. டெக்சஸ் வெயிலில் அது பகல் முழுக்கச் சேற்றிலும் புதரிலும் கிடந்துவிட்டு இருட்டிய பிறகுதான் மேயக் கிளம்பும். ஓரிரு முறை துப்பாக்கிச் சத்தம் கேட்ட கூட்டமென்றால் பகலில் தலையே காட்டாது. சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு, சுமார் 115 நாள். துப்பாக்கியை மட்டும் நம்பி இதன் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

4. சிவப்பு லைட் நல்லதா, பச்சை நல்லதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டு பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. பன்றியின் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் இரண்டே வகை. ஒன்றின் உச்சம் 439 நானோமீட்டருக்கு அருகே, நீலப் பக்கம். இன்னொன்று 556-க்கு அருகே, மஞ்சள்-பச்சைப் பக்கம். பச்சை எல்இடி 520 முதல் 535 வரை ஒளிர்கிறது, அதாவது பன்றிக்கு நன்றாகவே தெரியும் இடத்தில். சிவப்பு எல்இடி 620-க்கு மேல். அங்கே பன்றியின் உணர்வு சரிந்துகொண்டே போகிறது. பன்றியின் கண்ணுக்கு உறுத்தாதது எது என்றால் விடை சிவப்புதான்.

ஆனால் பார்க்க வேண்டியது நீங்களும்தான். நம் கண்ணின் உச்சம் பகலில் 555, இருட்டில் பச்சைப் பக்கம் இன்னும் நகர்ந்து 507-க்கு அருகே. அதனால் ஒரே மின்சக்தியில் பச்சை நமக்குப் பல மடங்கு பிரகாசம், அதிகத் தொலைவும் எட்டும். சிவப்புக்கு வேறொரு லாபம் உண்டு: இருட்டுக்குப் பழகிய கண்ணை அது அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அந்தப் பழக்கம் முழுமையாக வர அரைமணியாவது ஆகும், வெள்ளை வெளிச்சம் ஒரு நொடியில் கலைத்துவிடும்.

என் கணக்கு இது: 75 மீட்டருக்குள் சிவப்பு, அதற்கு மேல் பச்சை. காயம்பட்டதைத் தேடவும் சந்தேகம் தீர்க்கவும் பையில் ஒரு வெள்ளை டார்ச். ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்றால் பச்சையைச் செய்யுங்கள். சுடுமுன் எதிரே நிற்பது என்னவென்று தெளிவாகத் தெரிவது, பன்றி கொஞ்சம் மிரள்வதைவிட முக்கியம்.

5. சிவப்பு வெளிச்சம் பன்றிக்குத் தெரியவே தெரியாதாமே?

தெரியும், மங்கலாக. 556-இல் உச்சம் கொள்ளும் கூம்பின் வால் 630 வரையும் நீள்கிறது. குறுகலான பலமான சிவப்புக் கற்றையை நேராகக் கண்ணில் அடித்தால் தலையைத் தூக்கத்தான் செய்யும். 660 நானோமீட்டர் ஆழ்சிவப்பு எல்இடி போட்டால் பன்றிக்கு இன்னும் மங்கல்தான், ஆனால் நமக்கும் அதே கதி. தாவர வளர்ப்பு விளக்குக்காக வரும் அந்த எல்இடிகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்கிவிட்டு, 40 மீட்டரைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை என்று வருபவர்கள் நிறைய.

6. லைட்டைச் சுத்தினா கண்ணு மின்னும்ல, அதை வச்சே கண்டுபிடிச்சிடலாமே?

இந்த நினைப்பு ஆபத்தானது. மான், மாடு, நாய், நரி இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. அதுதான் மின்னுகிறது. பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. புகைப்படத்தில் மனிதக் கண் சிவப்பாக வருகிறதே, அந்த அளவுக்கு மங்கலான செம்மை சில கோணங்களில் தெரியலாம். அவ்வளவுதான்.

ஆக, வயலில் இரண்டு கண் பளிச்சென்று மின்னினால் அது பன்றியாக இருக்கும் வாய்ப்பு குறைவு, பக்கத்து நிலத்துக் கன்றாகவோ வேட்டைநாயாகவோ இருக்கும் வாய்ப்பு அதிகம். பன்றியை அதன் உடலின் வடிவத்தை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். கறுப்பு உடம்பு, சேறு பூசிய மயிர், ஒளியை விழுங்கும் மேற்பரப்பு. உங்கள் விளக்கு இதைக் காட்ட வேண்டும் என்பதை வைத்துத்தான் கீழே வரும் எல்லா அளவுகளும்.

7. எத்தனை லூமென் வேணும்? 5000 லூமென்னு ஒண்ணு பார்த்தேன்.

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த ஒளி. அது நான்கு பக்கமும் சிதறிப் போனால் 100 மீட்டரில் ஒரு பயனும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கேண்டிலா, ஒரு திசையில் எவ்வளவு செறிவு என்ற கணக்கு. கேண்டிலாவைத் தொலைவின் வர்க்கத்தால் வகுத்தால் அங்கே விழும் லக்ஸ். 10,000 கேண்டிலா விளக்கு 100 மீட்டரில் 1 லக்ஸ், 200 மீட்டரில் 0.25 லக்ஸ். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்கு.

0.25 லக்ஸ் என்பது ஏறக்குறையப் பௌர்ணமி நிலவொளி. டார்ச் பெட்டியில் அச்சிடும் 'எட்டும் தூரம்' இந்த அளவை வைத்துத்தான் போடப்படுகிறது. பௌர்ணமி வெளிச்சத்தில் கறுப்புப் பன்றியைக் கறுப்புப் புதரிலிருந்து பிரித்துப் பாருங்கள் பார்ப்போம்! சுடும் தொலைவில் 2 லக்ஸாவது விழ வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல். 100 மீட்டருக்கு அது 20,000 கேண்டிலா. வீட்டில் அளக்க ஒரு லக்ஸ் மீட்டர் போதும். 5 மீட்டரில் கற்றையின் நடுவில் வரும் அளவை 25-ஆல் பெருக்குங்கள், அதுதான் கேண்டிலா. கைபேசிச் செயலியை நிற விளக்குக்கு நம்பாதீர்கள்.

8. நல்ல வெள்ளை டார்ச் ஒண்ணு இருக்கு. மேல சிவப்புத் தாள் ஒட்டினா போதாதா?

வெள்ளை எல்இடி என்பது நீல சிப்பின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு போட்டது. அதில் நீலமும் மஞ்சளும் நிறைய, ஆழமான சிவப்பு கொஞ்சம். சிவப்புத் தாள் அந்தக் கொஞ்சத்தை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் வெப்பமாக்கிவிடும். ஃபீடருக்கு (பன்றியை வரவழைக்க மக்காச்சோளம் கொட்டும் பெட்டி) அருகே 20 மீட்டரில் சமாளிக்கலாம். தொலைவுக்கு, நேரடியாகச் சிவப்பாகவோ பச்சையாகவோ ஒளிரும் எல்இடியையே மாற்றிப் போடுங்கள். டார்ச்சின் உள்ளே இருக்கும் 16 அல்லது 20 மி.மீ. வட்டத் தகட்டைக் கழற்றி அதே அளவு நிறத் தகட்டை வைப்பதுதான் இருப்பதிலேயே எளிய 'வீட்டுத் தயாரிப்பு'.

9. எந்த எல்இடி வாங்கணும்? பெருசா ஒரே சிப்பா, சின்னதா நிறையவா?

தொலைவுக்கு ஒற்றைச் சிறிய சிப்தான். ரிஃப்ளெக்டரோ லென்ஸோ ஒளிரும் பரப்பின் பிம்பத்தைத்தான் தொலைவில் விழவைக்கிறது. பரப்பு சிறிதாகவும் லென்ஸ் அகலமாகவும் இருந்தால் கற்றை குறுகும், கேண்டிலா ஏறும். ஏறக்குறைய 1 சதுர மி.மீ. சிப் உள்ள 3 வாட் வகை எல்இடியும், 40 மி.மீ.-க்கு மேல் அகலமான ரிஃப்ளெக்டரும் நல்ல தொடக்கம். ஒன்பது எல்இடியைக் கூட்டமாக அடுக்கிய பலகை லூமெனில் பெரிதாகத் தெரியும், கற்றை மட்டும் விரிந்துபோகும். அது ஃபீடருக்கு ஆகும், துப்பாக்கிக்கு ஆகாது.

வாங்கும்போது மின்னழுத்தத்தைக் கவனியுங்கள். சிவப்புக்கு 2 முதல் 2.4 வோல்ட், பச்சைக்கு 3 முதல் 3.5 வோல்ட். சூடேறினால் பச்சையைவிடச் சிவப்பு வேகமாக மங்கும். அணைத்துக் குளிரவைத்துப் போட்டால் நன்றாக எரிந்து பத்து நிமிடத்தில் சோர்ந்துபோகிறது என்றால் எல்இடியைக் குறை சொல்லாதீர்கள், வெப்பம் இறங்க வழியில்லை என்று அர்த்தம். (12-ஆம் பதில்.)

10. ரெசிஸ்டர் போட்டா போதுமே, டிரைவர் எதுக்குச் செலவு?

மூன்று சிவப்பு எல்இடியைத் தொடராகக் கோத்தால் 6.6 வோல்ட் என்று வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியில் மிச்சம் 5.4 வோல்ட். 350 மில்லிஆம்பியர் ஓட 15 ஓம் ரெசிஸ்டர், அதில் வீணாகும் சக்தி கிட்டத்தட்ட 2 வாட், ஆகவே 5 வாட் ரெசிஸ்டர் வைக்க வேண்டும். வேலை செய்யும். ஆனால் சோலார் சார்ஜர் பேட்டரியை 14.4 வோல்ட்டுக்கு ஏற்றும்போது விளக்கும் எரிந்தால் மின்னோட்டம் 500 மில்லிஆம்பியரைத் தாண்டும். பேட்டரி இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும்.

பக் டிரைவர், அதாவது மின்னழுத்தத்தை இறக்கி நிலையான மின்னோட்டம் தரும் சுற்று, இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும். அதே மூன்று எல்இடிக்கு பேட்டரியிலிருந்து 350-க்குப் பதில் 220 மில்லிஆம்பியர் அளவுதான் இழுக்கும். 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யாமல் ஓட்டினால், ரெசிஸ்டரில் 10 மணி நேரம், டிரைவரில் 16 மணி நேரம். இந்த வித்தியாசமே டிரைவருக்கான விலையைக் கொடுத்துவிடும். பி.டி.4115 சிப் உள்ள குட்டிப் பலகைகள் 6 முதல் 30 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும். 0.1-ஐ உணர்வு ரெசிஸ்டரின் (மின்னோட்டத்தை அளக்க அந்தப் பலகையில் இருப்பது) ஓமால் வகுத்தால் மின்னோட்டம் ஆம்பியரில் கிடைக்கும். 0.3 ஓம் என்றால் 330 மில்லிஆம்பியர். ரெசிஸ்டரை மாற்றி வேண்டிய அளவுக்குக் கொண்டுவரலாம்.

11. பேட்டரி எது நல்லது? 18650-ல 9900 எம்ஏஎச்னு போட்டிருக்கான்.

பொய். 18650 என்ற உருளை லித்தியம் செல்லில் நேர்மையான அளவு பெரும்பாலும் 2500 முதல் 3500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) வரைதான். அதற்கு மேல் அச்சிட்டிருந்தால் உள்ளே பழைய மடிக்கணினியிலிருந்து உருவிய செல் இருக்கவும் வாய்ப்புண்டு. 3000 எம்ஏஎச் செல் ஒன்றில் ஏறக்குறைய 11 வாட்-மணி சக்தி. சிவப்பு எல்இடியை 1 ஆம்பியரில் ஓட்டினால் பக் டிரைவரோடு நான்கு மணி நேரம் வரும். ஓர் இரவுக்குப் போதும். இரண்டு செல்லைத் தொடராகப் போடுவதென்றால் இரண்டும் ஒரே வகை, ஒரே வயது, ஒரே சார்ஜில் இருக்கட்டும். பாதுகாப்புச் சுற்று உள்ளதையே வாங்குங்கள்.

ஓரிடத்தில் நிலையாக இருக்கும் விளக்குக்கு 12 வோல்ட் ஈய பேட்டரி அல்லது லித்தியம் இரும்பு பாஸ்பேட். பின்னது பாதி எடையில் இரண்டு மடங்கு உழைக்கும், ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. வடக்கு டெக்சஸ் ஜனவரியில் அப்படிப்பட்ட இரவுகள் உண்டு.

12. பிவிசி பைப்புக்குள்ள வச்சு அடைச்சா வாட்டர்ப்ரூஃப்தானே?

தண்ணீர் போகாது, வெப்பமும் போகாது. 1 வாட்டுக்கு மேல் போனால் எல்இடியின் முதுகு அலுமினியத்தில் உட்கார வேண்டும், நடுவில் வெப்பப் பசை, அந்த அலுமினியத்தின் ஒரு பகுதி வெளிக்காற்றைத் தொட வேண்டும். பிவிசி உடல்தான் வேண்டும் என்றால், முன்மூடியாக அலுமினிய வட்டை வைத்து எல்இடியை அதில் திருகுங்கள்.

ஓரங்களை அடைக்கும்போது வினிகர் நெடி அடிக்கும் சிலிக்கோனைத் தவிர்க்கவும். அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும், ஆவி மூடிய கூட்டுக்குள் தங்கி எல்இடியையும் கெடுக்கும். 'நியூட்ரல் க்யூர்' என்று போட்டதை வாங்கி, இரண்டு மூன்று நாள் திறந்துவைத்து நெடி போனபின் மாட்டுங்கள். பன்றியின் மூக்கைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

13. துப்பாக்கி மேல மாட்டினேன், ஒரு ரவுண்டு சுட்டதும் லைட் அணைஞ்சிடுது. ஏன் சார்?

பின்னுதைப்பில் பேட்டரி உள்ளே முன்னும் பின்னும் அடிக்கிறது. ஒரு முனையில் மட்டும் ஸ்பிரிங் இருந்தால் மறுமுனையின் தொடர்பு ஒரு கணம் விட்டுப்போகும், டிரைவர் அதை 'பொத்தானை அழுத்திவிட்டார்கள்' என்று எடுத்துக்கொண்டு அணையும் அல்லது மின்னத் தொடங்கும். இரு முனையிலும் கெட்டியான ஸ்பிரிங் வையுங்கள். பல வெளிச்ச நிலைகள் உள்ள டிரைவரை எடுத்துவிட்டு ஒரே நிலை டிரைவர் போடுங்கள். டிரைவரின் பெரிய காயிலையும் கம்பி இணைப்புகளையும் எபாக்சியால் பிடிக்கவைத்துவிடுங்கள், சாலிடர் மட்டும் நிற்காது.

உடலுக்கு வெளிவிட்டம் 25.4 மி.மீ. அலுமினியக் குழாய் எடுத்தால் ஒரு அங்குல ஸ்கோப் வளையம் அப்படியே கவ்வும். தனியாக மவுன்ட் கடைய வேண்டாம். விளக்கின் முன்விளிம்பு ஸ்கோப்பின் முன்கண்ணாடியைவிட முன்னால் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஓரத்து ஒளி கண்ணாடியில் பட்டுப் பனிமூட்டம் போலத் தெரியும். துப்பாக்கிக் குழலுக்கு அடியில் மாட்டினால் சைலென்சர் கற்றையின் பாதியை மறைக்கும்.

14. அப்ப துப்பாக்கில இருக்கிற லைட்டாலேயே தேடிக்கலாம், தனியா எதுக்கு இன்னொண்ணு?

துப்பாக்கியில் மாட்டிய விளக்கை எங்கே திருப்புகிறீர்களோ அங்கேதான் குழலும் பார்க்கும். தேடும்போது நீங்கள் மாட்டையும், வேலிக்கு அந்தப் பக்க வீட்டையும், கூட வந்தவரையும் குறிவைத்துக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம். தேடுவதற்குத் தலையில் கட்டிய விளக்கு அல்லது கைவிளக்கு, அகலக் கற்றையோடு. பன்றிதான் என்று உறுதியான பிறகு துப்பாக்கி விளக்கு. இந்த ஒரு விஷயத்தில் 'பரவாயில்லை' என்பவரோடு நான் வேட்டைக்குப் போவதில்லை.

15. லைட் போட்ட உடனே கூட்டமே ஓடிப்போகுது. கலர் மாத்தணுமா?

பெரும்பாலும் நிறம் காரணமில்லை. மூன்றைச் சோதியுங்கள். காற்று உங்களிடமிருந்து பன்றிப் பக்கம் வீசினால் எந்த விளக்கும் காப்பாற்றாது. இரண்டாவது, ஸ்விட்சின் 'க்ளிக்'. அமைதியான இரவில் அது 50 மீட்டரில் கேட்கும் சத்தம். சத்தமில்லாத ரப்பர் பட்டை ஸ்விட்சுக்கு மாறுங்கள்.

மூன்றாவது, திடீர் மாற்றம். இருட்டு சட்டென்று வெளிச்சமாவதுதான் மிரட்டுகிறது. கற்றையை முதலில் பன்றிகளுக்கு மேலே வானத்தில் வைத்து, ஓரத்து மங்கல் ஒளியை மெல்ல அவற்றின் மேல் இறக்குங்கள். செய்பவருக்கு இன்னொரு வழி: 10-ஆம் பதிலில் சொன்ன பி.டி.4115-இன் டிம் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு கெபாசிட்டர் போட்டால் விளக்கு பூஜ்யத்திலிருந்து படிப்படியாக ஏறும். கெபாசிட்டர் பெரிதானால் ஏற்றம் மெதுவாகும். கடையில் வாங்கும் பல விளக்குகளில் இந்த வசதி இல்லை. நாமே செய்வதில் கிடைக்கும் உருப்படியான லாபம் இதுதான் என்பேன்.

16. மக்காச்சோள ஃபீடர் மேல ஒரு லைட் மாட்டணும். சென்சார் வைக்கவா, விடிய விடிய எரியவிடவா?

அசைவு உணர்ந்து எரிவது பேட்டரியை மிச்சப்படுத்தும், தொலைவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு 'ஏதோ வந்திருக்கிறது' என்ற சேதியும் சொல்லும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தத் திடீர் மாற்றம். எனக்குப் பிடித்தது பொழுது சாய்ந்ததும் தானே எரிந்து விடியும்வரை மங்கலாக நிற்பது. ஒரு வாரத்தில் பன்றிகள் அதை நிலவைப் போல எடுத்துக்கொள்ளும்.

மின்சாரக் கணக்கு தடுக்கும் என்பார்கள். ஃபீடரில் 15 மீட்டர் வட்டம் தெரிந்தால் போதும், அதற்கு மூன்று எல்இடிக்கு 150 மில்லிஆம்பியர் தாராளம். 12 மணி நேரத்துக்கு 13 வாட்-மணி அளவு ஆகும், 10 வாட் சோலார் பலகை ஈடுகொடுக்கும். 350-இல் ஓட்டினால் 30-ஐத் தாண்டும், மேகமூட்டமான இரண்டு நாளில் படுத்துவிடும். விளக்கை இரண்டு மீட்டர் உயரத்தில் தரையைப் பார்த்து மாட்டி, கம்பியை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள். எட்டும் கம்பியைப் பன்றி விட்டுவைக்காது.

17. சென்சார் லைட் குளிர்காலத்துல நல்லா வேலை செஞ்சுது, ஆகஸ்ட்ல பன்றி நின்னாலும் எரியல.

அந்தச் சென்சார் பார்ப்பது அசைவை அல்ல, வெப்ப வித்தியாசத்தின் அசைவை. தரையும் புதரும் பன்றியின் மேல்தோல் அளவுக்குச் சூடாக இருக்கும் மாலையில் வித்தியாசமே இல்லை. நள்ளிரவுக்குப் பின் தானாகச் சரியாகும். உணர்திறன் திருகை ஏற்றலாம், பதிலுக்குக் காற்றில் ஆடும் கிளைக்கெல்லாம் எரியும். மலிவான சின்னச் சென்சார் பலகைகளின் எல்லை நல்ல நாளிலேயே 7 மீட்டர்தான்.

பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். டெக்சஸ் நெருப்பெறும்புக்கு மின்பெட்டிகள் என்றால் தனிப் பிரியம். ரிலேயின் தொடர்புகளுக்கு நடுவே செத்துக் குவிந்து அடைத்துவிடும். ரிலேக்குப் பதில் லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் (அசையும் தொடர்பு இல்லாத மின்னணு ஸ்விட்ச்) போட்டால் அந்தத் தொல்லை பாதி குறையும்.

18. நைட் விஷன் வாங்கிட்டேன். அகச்சிவப்பு லைட்டும் செய்யலாமா? 850-ஆ 940-ஆ?

எல்இடியைத் தவிர மற்றதெல்லாம் அதே வேலை. 850 நானோமீட்டர் எல்இடியை நேராகப் பார்த்தால் மங்கலான செம்பொட்டு தெரியும். 940-இல் ஒன்றும் தெரியாது, ஆனால் கேமரா சென்சாரின் உணர்வும் அங்கே குறைந்துவிடுவதால் எட்டும் தொலைவு சுருங்கும். தொலைவுக்கு 850 போடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்பதால் கண் தானாக மூடாது. எரிகிறதா என்று முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்க்கவே கூடாது, கைபேசிக் கேமராவில் பாருங்கள். வெப்பப்படக் கருவிக்கு எந்த விளக்கும் வேண்டாம்.

19. சிவப்பு லைட்ல ஸ்கோப்போட சிவப்புப் புள்ளி காணாமப் போகுது.

சிவப்புப் பின்னணியில் சிவப்புப் புள்ளி கரையத்தான் செய்யும். புள்ளியைப் பச்சைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், அல்லது அணைத்துவிட்டுக் கறுப்புக் குறுக்குக்கோட்டைப் பயன்படுத்துங்கள். புள்ளியின் பிரகாசத்தை ஏற்றுவது தீர்வல்ல, அது கண்ணைக் கூசவைத்துப் பன்றியையே மறைக்கும்.

20. எனக்கு நிறக்குருடு கொஞ்சம் உண்டு. பச்சை ஒத்துவராதா?

நேர்மாறு. சிவப்பு-பச்சைக் குறைபாட்டில் ஒரு வகையினருக்குச் சிவப்பே இருட்டாகத் தெரியும். அவர்களுக்குச் சிவப்பு விளக்கு வீண். ஒற்றை நிற வெளிச்சத்தில் யாருமே நிறம் பிரித்துப் பார்ப்பதில்லை, பிரகாச வித்தியாசத்தைத்தான் பார்க்கிறோம். அதனால் பச்சை உங்களுக்கு நன்றாகவே உதவும்.

21. மூடுபனியில சிவப்பு ஊடுருவும்னு சொல்றாங்களே?

பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். நிறம் உதவாது. விளக்கைக் கண்ணிலிருந்து விலக்கி வைத்தால் கொஞ்சம் உதவும். கூட வந்தவர் சில அடி தள்ளி நின்று விளக்கைப் பிடிக்கட்டும்.

22. அடிபட்டு ஓடினதோட ரத்தத் தடம் தெரியவே இல்லை.

சிவப்பு வெளிச்சத்தில் ரத்தமும் காய்ந்த இலையும் ஒரே நிறம். பச்சையில் ரத்தம் கறுப்பாக, ஈரச் சேறு போல் தெரியும். தடம் பார்க்க வெள்ளைதான். 4-ஆம் பதிலில் பையில் ஒன்று இருக்கட்டும் என்றது இதற்காகவும்தான்.

23. செஞ்சு முடிச்சாச்சு. நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்?

வேட்டைக்குப் போகாமல், துப்பாக்கியும் இல்லாமல், அமாவாசையை ஒட்டிய இரவில் நண்பரிடம் நாலைந்து பொருட்களைக் கொடுத்து வயலில் வெவ்வேறு தொலைவில் வைக்கச் சொல்லுங்கள்: கறுப்புக் குப்பைப் பை, பழுப்புச் சாக்கு, கவிழ்த்த வாளி, அட்டையில் வெட்டிய கன்று, அட்டையில் வெட்டிய பன்றி. எது எங்கே என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. விளக்கைப் போட்டு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லுங்கள். தவறாகச் சொல்லத் தொடங்கும் தொலைவுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த விளக்கின் எல்லை, பெட்டியிலோ கணக்கிலோ என்ன வந்திருந்தாலும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்றும் சொல்லிப் பாருங்கள். பிரகாசமான கற்றைக்கு அப்பால் இருட்டு இன்னும் இருட்டாகத் தெரியும். வேலியும் வீடும் அங்கேதான் மறைந்திருக்கும். நிலத்தைப் பகலில் ஒருமுறை நடந்து பார்த்துக் குண்டு போய் அடங்க மண்மேடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாதவருக்கு விளக்கு உதவாது.

24. தெற்கு டெக்சஸ் பக்கம் போறோம். அங்க ஜாவலினான்னு ஒண்ணு இருக்காம், பன்றி மாதிரியேவாம்?

பார்வைக்குத்தான் பன்றி. குடும்பம் வேறு, சட்டமும் வேறு. ஜாவலினா பட்டியலிட்ட வேட்டை விலங்கு. லைசென்ஸ், பருவம், எண்ணிக்கை வரம்பு எல்லாம் உண்டு, இரவில் சுடக் கூடாது. தெற்கு, மேற்கு டெக்சஸ் முள்காடுகளில் கூட்டமாகத் திரியும்.

வளர்ந்த ஜாவலினா 15 முதல் 25 கிலோ. நடுத்தரக் குட்டிப்பன்றியின் உயரம்தான். வால் வெளியே தெரியாது, காது சிறியது, தோளைச் சுற்றிக் காலர் போல ஒரு வெளிர்ப்பட்டை. சிவப்பு விளக்கில் அந்தப் பட்டை மயிரோடு கலந்து மறைந்துவிடும், பச்சையில் ஓரளவு தெரியும். உயரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், பின்பக்கம் திரும்பும்வரை காத்திருந்து வாலைப் பாருங்கள். அப்போதும் சந்தேகம் என்றால் வெள்ளை டார்ச்சை அடியுங்கள். எல்லாம் ஓடிப்போகும், ஓடும்போது வால் தெரியும்.